பொன் நெறக் குட்டியும் ஒரு முறம் தவிடும்

நுவரெலியா
10.1.1963

அன்புள்ள அக்கா மீனம்மாவுக்கும் மச்சான் சின்னத்தம்பிக்கும் ஜெயலெட்சுமி எழுதுறது. நான் நல்ல சுகம். நீங்களும் எம்மக ரத்னாவும் சுகமா இருக்கணும்னு மாரியம்மாளைக் கும்புடுறேன். அக்காவோட முட்டுவலி எப்படி இருக்கு? மச்சான், இத அக்காவுக்கு ஒரு வரி விடாம வாசிச்சுக் காட்டுங்க. போன தடவ பாதிய முழுங்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.

இங்க குளிரு எலும்பக் குத்துது. காலையில புல்லெல்லாம் வெள்ளையா ஒறஞ்சு கெடக்கு. பொங்கலுக்கு லீவு கேட்டேன், கெடைக்கல்ல. துரையோட கைப்பிள்ளைக்குப் பல்லு மொளைக்குதாம், ஆயா இல்லாம தூங்காதாம். எம்மக நான் இல்லாம தூங்கப் பழகிட்டா. என்ன பொழப்போ போங்க.

இதோட ஒரு பொட்டலம் வரும். அதுல ஒரு பீங்கான் குதிரை இருக்கு. கால் ஒண்ணு ஒடைஞ்சிருச்சுன்னு துரைசாணி குப்பையில போடச் சொன்னாங்க, ரத்னாவுக்கு ஆகும்னு எடுத்து வச்சேன். இந்தத் துரைசாணிக்குக் குதிரைப் பைத்தியம். நெசக் குதிரை இல்ல, கையளவு பொம்மைக் குதிரை. கறுப்பு, செவல, சாம்பல், புள்ளி போட்டதுன்னு கண்ணாடி அலமாரி பூரா நிக்குது. ஒவ்வொண்ணா சீமையிலருந்து வரவழைச்சுச் சேர்க்குறாங்க. தொடைக்கிறது என் வேல. அதுல ஒரு பொன் நெறக் குட்டி இருக்கு அக்கா. வாலும் பிடரியும் பால் வெள்ள, ஒடம்பு அப்படியே பொன்னு. தாயோட வயித்த ஒட்டி நிக்கும். அத மட்டும் என்னையத் தொட விடமாட்டாங்க, அவங்களே தொடைப்பாங்க.

விசயத்துக்கு வாறேன். சித்திரையில ரத்னாவுக்கு அஞ்சு வயசு முடியுது. அவ அப்பன் அழகன் செத்த வருசம் இவளும் காய்ச்சல்ல கண்ணு சொருகிக் கெடந்தப்ப, எமன் ஏமாறட்டும்னு கோயில் வாசல்ல வச்சு ஒரு முறம் தவிட்டுக்கு ஒங்ககிட்ட வித்தேனே. அன்னையிலருந்து அவளுக்கு நீங்கதான் அம்மா, பெத்த நான் சித்தி. அஞ்சு முடிஞ்சதும் மீட்டுக்கலாம்னுதானே பூசாரி சொன்னாரு? பங்களாவுக்குப் பின்னால எனக்கு ஒத்த அறையா ஒரு காம்பரா குடுத்திருக்காங்க. பிள்ளையக் கொண்டாந்து வச்சுக்கன்னு துரைசாணியும் சொல்லிட்டாங்க. மீட்க என்ன செய்யணும்னு கேட்டு எழுதுங்க. அவ வாயால என்னைய அம்மான்னு கூப்புடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் அக்கா.

ஒங்க அன்புத் தங்கச்சி
ஜெயலெட்சுமி

றொசல்ல
24.2.1963

கொழுந்தியா ஜெயலெட்சுமிக்கு, மீனம்மா சொல்லச் சொல்ல சின்னத்தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். உன் நலத்துக்குக் கடவுளை வேண்டுகிறோம். இனி உன் அக்கா சொல்வது.

ஏன்டி, மச்சான் பாதிய முழுங்குறாருன்னு எழுதுனியே, அத வாசிக்கையில அவரு மூஞ்சி போன போக்கப் பாக்கணும். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இருமலே வந்துருச்சு. முட்டுவலி அப்படியேதான் இருக்கு. மழையில மலையேறுனா வலிக்காம என்ன செய்யும்?

குதிரை வந்துச்சு. ஒடைஞ்ச காலுக்கு மச்சான் வேப்பங்குச்சி வச்சுக் கட்டி நிக்க வச்சிருக்காரு. அதுக்குச் சோறு ஊட்டுனாத்தான் இவ சோறு திங்கிறா. நீ எழுதுன பொன் நெறக் குட்டியப் பத்தி வாசிச்சப்ப வாயப் பொளந்துக்கிட்டு கேட்டுக்கிட்டிருந்தா.

மீட்குறதுக்கு என்ன அவசரம்? பூசாரி செல்லசாமிகிட்ட கேட்டேன். என்ன குடுத்து மீட்கணும்னு பிள்ளையேதான் சொல்லணுமாம். அதையும் சாமி முன்னால, வாங்குன அம்மா காதுல மட்டும் சொல்லணுமாம். அவ கேட்டத நீ கொண்டாந்து என் மடியில வச்சுட்டு, பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போகலாம். பங்குனியில கோயில் திருவிழா வருது, அப்பக் கேக்குறேன்.

எனக்குப் பொறந்த மூணையும் ஆத்தோரம் பொதச்சவ நான். இவ வந்தப்புறந்தான் எங்க காம்பராவுல ஒரு சத்தம் கேக்குது. இதையும் எழுதுங்கன்னு சொன்னேன், மச்சான் பேனாவப் புடிச்சுக்கிட்டு யோசிக்கிறாரு.

இப்படிக்கு
மீனம்மா, சின்னத்தம்பி

றொசல்ல
18.4.1963

ஜெயலெட்சுமிக்கு, மீனம்மா சொல்ல சின்னத்தம்பி எழுதுவது. நாங்கள் நலம். வருசப் பிறப்புக்கு நீ அனுப்பிய கவுன் பிள்ளைக்கு அளவாக இருந்தது. கொஞ்சம் நீளம். இனி அக்கா சொல்வது.

திருவிழா அன்னைக்கு சாமி முன்னால இவள மடியில வச்சுக்கிட்டு, ஒன்னைய மீட்க சித்தி என்ன கொண்டாரணும்னு கேட்டேன். காதுல சொன்னா. அந்தப் பொன் நெறக் குதிரைக்குட்டிதான் வேணுமாம், அலமாரியில தாயோட நிக்குதே அதேதான். நான் என்ன செய்யட்டும் சொல்லு. நீ எழுதாம இருந்திருந்தா அப்படி ஒண்ணு இருக்குறது இவளுக்கு எங்க தெரியப் போகுது?

சாமி முன்னால சொன்னத மாத்தக் கூடாது. வேற ஒண்ணக் குடுத்து மீட்டா பிள்ளைக்கு ஆகாது. வெறுங்கையோட வந்து அவ மூஞ்சியில முழிக்கிறதும் ஆகாதாம். அதனால குட்டி கெடைக்கிற வரைக்கும் நீ இங்க வர வேணாம். பிள்ளைக்காகத்தான் சொல்லுறேன், வேற மாதிரி நெனச்சுக்காத.

இப்படிக்கு
மீனம்மா, சின்னத்தம்பி

நுவரெலியா
12.5.1963

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். ஒங்க எல்லாரோட சுகத்தையும் எழுதுங்க.

ஒங்க கடிதம் பாத்துட்டு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல்ல. என் வாய்க் கொழுப்புதான். ஊருல எத்தன இருக்கு, ஒரு ரிப்பன் கேக்கக் கூடாதா, ஒரு ஜோடி வளையல் கேக்கக் கூடாதா? அப்படியே அழகன் பிடிவாதம்.

தைரியத்த வரவழைச்சுக்கிட்டுத் துரைசாணிகிட்ட கேட்டேன். சம்பளத்துல புடிச்சுக்குங்கன்னு சொன்னேன். அவங்க கோவிக்கல்ல, என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி அலமாரியத் தொறந்து காட்டுனாங்க. அவங்க சின்னப் பிள்ளையா இருக்கையில ஊருல நெசமாவே அப்படி ஒரு குட்டி பொறந்துச்சாம். பொன்னாப் பொறக்குற குட்டியெல்லாம் பொன்னாவே இருக்கும்னு சொல்ல முடியாதாம். முடி உதிர்ந்து மொளைக்கையில நெறம் மாறிப் போயிடுமாம். அவங்க குட்டியும் வெளுத்துப் போச்சாம், வித்துட்டாங்களாம். இந்தக் குட்டி வளராது ஆயா, நெறமும் மாறாது, அதான் எனக்கு இதப் புடிக்கும்னு சொன்னாங்க. எனக்கு அது நல்லா வெளங்கிச்சு. நான் விட்டுட்டு வந்த அன்னைக்கு ரத்னா எப்படி இருந்தாளோ அப்படியேதான் என் கண்ணுக்குள்ள நிக்கிறா. அங்க அவ வளர்றா, கவுன் அளவு கூட எனக்குத் தெரியல்ல.

ஆனா குடுக்கமாட்டேன்னுட்டாங்க. தாயும் குட்டியும் ஒண்ணா செஞ்சதாம், பிரிக்கக் கூடாதாம். பிரிச்சாப் பாவம் இல்லையா ஆயான்னு என்னையப் பாத்தே கேக்குறாங்க! வந்த ஆத்திரத்துக்கு அலமாரியையே கவுத்துப் போட்டிருப்பேன். கைப்பிள்ள இடுப்புல இருந்துச்சு.

அந்த அலமாரிக்குப் பூட்டு கெடையாது. கைய நீட்டுனா எட்டும். ஆனா திருடிக் கொண்டாந்து மீட்ட பிள்ள நல்லா இருப்பாளா? நெனச்சதுக்கே கன்னத்துல போட்டுக்கிட்டேன். அக்கா, ஒங்க காலத் தொட்டுக் கும்புடுறேன், பூசாரிகிட்ட இன்னொரு தடவ கேளுங்க. ரத்னாகிட்டயும் கேளுங்க. வேற என்ன சொன்னாலும் இருக்குறத வித்தாவது வாங்கியாறேன்.

ஒங்க தங்கச்சி
ஜெயலெட்சுமி

றொசல்ல
2.8.1963

ஜெயலெட்சுமிக்கு, சின்னத்தம்பி எழுதுவது. நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகி விட்டது. மழை, இருமல், வேலை. அக்கா சொல்வது.

கேட்டாச்சு. ஒரு தடவ சொன்னதுதான் சொல்லு. பூசாரியும் அப்படித்தான் சொல்லுறாரு.

பிள்ள தோட்டத்துப் பள்ளிக்கூடம் போறா. அவ பேருல அரிசியும் எங்க கணக்குலதான் போடுறாங்க. ராத்திரியில என் முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டுத்தான் தூங்குறா. நீ ஒடம்பப் பாத்துக்க. அடிக்கடி எழுதிக் காசச் செலவழிக்காத.

மீனம்மா, சின்னத்தம்பி

நுவரெலியா
15.11.1963

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும், சுகமா இருக்கீங்களா? தீவாளிக்கு ரெண்டு வரி வரும்னு பாத்தேன். தப்பால்ல போட்டு அது தொலைஞ்சிருக்கும்.

ஒரு நல்ல சேதி. துரை தோட்டத்த விட்டுட்டு சீமைக்கே போறாரு. எல்லாத்தையும் பெட்டியில அடைக்கிறாங்க. ஒவ்வொரு குதிரையா வைக்கோல்ல சுத்துனேன். பொன் நெறக் குட்டிய எடுத்தவ, சுத்த மனசு வராம கையிலயே வச்சுக்கிட்டு நின்னுட்டேன். துரைசாணி அதப் பாத்துட்டாங்க. அந்தக் குட்டி ஒனக்கு எதுக்குன்னு கேட்டாங்க. தெரிஞ்ச தமிழையும் தெரியாத இங்கிலீசையும் கலந்து, தவிட்டு விசயம் பூரா சொன்னேன். அவங்களுக்கு எம்புட்டு வெளங்குச்சோ தெரியல்ல, மூக்கச் சிந்துனாங்க. கப்பல் ஏறுற வரைக்கும் கொழும்புல கைப்பிள்ளையப் பாத்துக்கிட்டா, போறப்ப குட்டிய எனக்கே குடுத்துடுறேன்னு சொல்லிட்டாங்க.

மாசி கடைசியிலதான் கப்பலாம். இன்னும் மூணு நாலு மாசம். இப்பவே அவங்கள விட்டுட்டு றொசல்லைக்கு ஓடி வரலாம்னு மனசு அடிச்சுக்குது. வெறுங்கையோட வந்து என்ன செய்ய? காத்திருந்தது காத்திருந்தாச்சு. அதனால சரின்னுட்டேன்.

அக்கா, அவகிட்ட சொல்லுங்க, சித்தி குட்டியோட வாறான்னு. அந்தக் காம்பரா போச்சுன்னு கவலப்படாதீங்க. நம்ம தோட்டத்துலயே பேரு பதிஞ்சு கொழுந்து எடுப்பேன். ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்துக் காம்பராவுல இருப்போம். நீங்களும் அவள தெனம் பாக்கலாம். ஒங்ககிட்டயிருந்து பிள்ளையப் புடுங்கணும்னு எனக்கு ஆச இல்ல.

ஒங்க தங்கச்சி
ஜெயலெட்சுமி

றொசல்ல
9.1.1964

ஜெயலெட்சுமிக்கு, சின்னத்தம்பி எழுதுவது. நலம். கொழும்பு விலாசம் கிடைத்தது. அக்கா சொல்வது.

சந்தோசம். அவசரப்படாம இருந்து வேலைய முடிச்சுக் குடுத்துட்டு வா. சொன்ன சொல்ல நம்பித்தானே அவங்களும் குடுக்குறாங்க.

இங்க விசேசம் ஒண்ணுமில்ல. போன கிழம கண்டிக்குப் போனோம். மூணு பேரும் சேர்ந்து ஒரு படம் புடிச்சோம். ஆடு ரெண்டையும் வித்தாச்சு, முட்டுவலியோட யாரு புல்லறுக்குறது? பிள்ள சுகம்.

ஒனக்குக் கோவம் வந்தாலும் அக்கா மேல பழைய பாசத்த விட்டுடாத.

மீனம்மா, சின்னத்தம்பி

கொழும்பு
14.3.1964

அக்கா! மச்சான்! என் ராசாத்தி ரத்னா! எல்லாரும் சுகமா? நான் சுகத்துக்கு மேல சுகம்.

கெடைச்சிருச்சு. நேத்து கப்பல் ஏறுறப்ப துரைசாணி கைப்பையிலருந்து எடுத்து என் கையில வச்சாங்க. தாய்க் குதிரைய அவங்களே வச்சுக்கிட்டாங்க, அது இல்லாம முடியாதாம். தனியாக் கையில எடுக்கையில எனக்கு ஒரு மாதிரி ஆகிப் போச்சு. குட்டி தல ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், தாய் வயித்துல மொகத்த வைக்கிற மாதிரி. இப்ப சும்மா காத்துல சாஞ்சுக்கிட்டு நிக்குது. கைப்பிள்ள வேற என் கழுத்த விடமாட்டேன்னு கத்துச்சு. பிரிச்சுத்தான் தூக்கிக்கிட்டுப் போனாங்க.

போகட்டும். வார வெள்ளிக்கிழம காலக் கோச்சியில றொசல்லையில எறங்குறேன். ஸ்டேசனுக்கு யாரும் வர வேணாம், மழ பேஞ்சா பிள்ளைக்குச் சளி புடிக்கும். நானே ஓடி வந்துடுவேன். குட்டிய ஒங்க மடியில வைக்கிறேன், நீங்க என் பிள்ளைய என் மடியில வைங்க. பொறகு எல்லாருமா ஒக்காந்து சோறு திம்போம். கருவாடு வாங்கியாறேன்.

ஒங்க
ஜெயலெட்சுமி

றொசல்ல
22.3.1964

மீனம்மாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரல்ல. தோட்டத்து ஆபிஸ்ல துறையூர்ப் பக்கம் ஒரு ஊரு பேரு சொன்னாங்க. அதுக்குத்தான் எழுதுறேன், போயிச் சேருமோ சேராதோ.

ஒங்க காம்பராவுல வேற ஆளுங்க இருக்காங்க. கதவத் தட்டுனேன், முன்னப் பின்னத் தெரியாத பொம்பள வந்து யாரு வேணும்னு கேட்டா. நான் எம்மக பேரச் சொன்னேன். அப்படி யாரும் இல்லன்னுட்டா. பக்கத்துக் காம்பரா வேலாயிதான் என்னையக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி ஒக்கார வச்சா. மாசி பொறந்ததும் இந்தியாவுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னா. பாஸ்போர்ட்டுல அப்பா, அம்மா, பொண்ணுன்னு மூணு பேரும் ஒரே படத்துல இருந்தீங்களாம். அதுக்குத்தானா கண்டிக்குப் போயிப் படம் புடிச்சீங்க?

காலொடைஞ்ச குதிரைய மடியில வச்சுக்கிட்டுத்தான் கோச்சி ஏறுனாளாம். அழுதாளான்னு கேட்டேன். வேலாயி அடுப்ப ஊதிக்கிட்டே இருந்தா.

நீங்க கேட்டதத்தானே அக்கா கொண்டாந்தேன். ஊரான் பிள்ளைய இடுப்புல சொமந்து, கெஞ்சி, காத்துக் கெடந்து கொண்டாந்தேன். ஒங்க மடிய எங்க போயித் தேட? செத்த பிள்ளைங்களுக்கு அழுதவளுக்கு உசுரோட இருக்குற பிள்ளையப் பறி குடுத்தவ வயிறு தெரியாமப் போச்சா? நீங்க நல்லா இருப்பீங்களான்னு எழுத வருது. எழுதமாட்டேன். ஒங்களுக்கு ஒண்ணுன்னா என் பிள்ளைக்கு யாரு இருக்கா?

பின்னால வரலாம்னா எனக்கு இந்தியப் பிரஜைன்னு பேப்பரும் இல்ல, இலங்கைப் பிரஜைன்னு பேப்பரும் இல்ல. நான் இந்தத் தோட்டத்துலயே பேரு பதிஞ்சுட்டேன். வேலாயியோடதான் இருக்கேன். நீங்க எப்பவாவது எழுதுனா இந்த விலாசந்தானே ஒங்களுக்குத் தெரியும்.

ஜெயலெட்சுமி

துறையூர்
7.2.1965

கொழுந்தியா ஜெயலெட்சுமிக்கு, சின்னத்தம்பி எழுதிக்கொள்வது. இங்கு ரத்னா நலம். நான் ஒரு மண்டியில் மூட்டை தூக்குகிறேன். உன் கடிதம் போன வருசம் வைகாசியில் வந்தது. பதில் எழுத உன் அக்கா விடவில்லை. அவள் நலம் என்று எழுத முடியாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு முன்னாலேயே போய் வாசலில் நிற்கிறாள். பிள்ளை வர நேரமானால் தெருவில் போவோர் வருவோரை எல்லாம் கேட்கிறாள். யாரோ வந்து கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள் என்று பயம்.

கோயிலில் பிள்ளை என்ன கேட்டாள் என்று உன் அக்கா எனக்குச் சொன்னதைத்தான் நான் உனக்கு எழுதினேன். இப்போது ரத்னா தானாகவே எழுதப் பழகி விட்டாள். சித்திக்கு என்று ஒரு கடிதம் எழுதி என் சட்டைப் பையில் வைத்தாள். பிரித்துப் படித்தேன். அனுப்பாமல் இருக்க மனசு கேட்கவில்லை. உன் அக்காவுக்கு இதை நான் வாசித்துக் காட்டவில்லை.

சின்னத்தம்பி

அன்புள்ள சித்திக்கு ரத்னா எழுதுவது.

நான் சுகம். நீங்கள் சுகமா. நான் இரண்டாம் வகுப்பு. இங்கே மலை இல்லை. நிறைய வெயில். குதிரையின் வேப்பங்குச்சி உடைந்து விட்டது. அப்பா வேறு குச்சி கட்டினார்.

கோயிலில் அம்மா என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நான் காதில் சொன்னேன். சித்தி வேண்டும் என்று சொன்னேன். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. நீங்கள் ஏன் வரவில்லை.

இப்படிக்கு
ரத்னா

றொசல்ல
3.3.1965

என் தங்கம் ரத்னாவுக்கு சித்தி எழுதுறது. சித்தி சுகம். நீயும் அம்மாவும் அப்பாவும் சுகமா இருக்கணும். ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இந்த லயத்துல ஒரு ஆளு பாக்கியில்லாம காட்டிட்டேன். வேலாயி எழுத்தத் தடவித் தடவிப் பாத்தா, அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

நீ கேட்டத அம்மா எனக்கு அப்பவே எழுதிட்டாங்க. சித்தியத்தான் கேக்குறா, ஒடனே வான்னுதான் எழுதுனாங்க. நான்தான் மண்டு. வெறுங்கையோட எப்படிப் போறது, ஒரு குதிரைக்குட்டிய வாங்கிக்கிட்டுப் போனா பிள்ள சந்தோசப்படுவாளேன்னு அங்கயும் இங்கயும் சுத்திக்கிட்டு நின்னுட்டேன். வந்து சேரையில நேரமாகிப் போச்சு. அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறப்ப நீ ஓடி வந்து கையப் புடிச்சுக்க. ராத்திரியில முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டே தூங்கு, அது அவங்களுக்குப் புடிக்கும்.

குட்டி என்கிட்டதான் இருக்கு. ஜன்னல்ல வச்சிருக்கேன். பனி வெலகி வெயில் வந்தா கொஞ்ச நேரம் பொன்னா மினுங்கும், பொறகு மழ புடிச்சிரும். நானும் இந்தியாவுக்கு வர மனு எழுதிப் போட்டிருக்கேன். வருசக் கணக்காகும்னு ஆபிஸ்ல சொல்லுறாங்க. நான் வந்து சேரையில நீ பெரிய மனுசியா இருப்ப, பொம்மையெல்லாம் ஒனக்கு வேணாம்னு தோணும். பரவாயில்ல. அது எத்தன வருசமானாலும் குட்டியாவேதான் இருக்கும்.

நல்லாப் படி. எண்ணெ தேச்சுக் குளி. வெயில்ல வெளாடாத.

உன்
சித்தி

மச்சான், இத ரத்னாகிட்ட குடுங்க. அதுக்கு முன்னால அக்காவ ஒக்கார வச்சு வாசிச்சுக் காட்டுங்க. ஒரு வரி விடாம வாசிங்க.